தண்டனை ஆட்சிக்கா, அங்காடிக்கா?

சங்க உறுப்பினர் ஒருவர் விதியை மீறினால் சங்கம் நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். வணிகப் பெருமக்களுக்கு இதில் மாற்றுக் கருத்து இராது. நாடுகள் கூடி அமைத்த சங்கத்துக்கும் அதே நியாயம்தான். ஆனால் அடி யார் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டாமா?

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர் நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. 2023 வரை அரிசி முதலிய சரக்குகள் பெரும்பாலும் பெனின் நாட்டின் கோட்டனு துறைமுகத்தில் இறங்கி, லாரியில் வந்து சேர்ந்தன. நைஜரின் வெங்காயமும் ஆடுமாடுகளும் அண்டை நாட்டுச் சந்தைகளில்தான் விலைபோக வேண்டும். 2023 ஜூலை 26 அன்று, தேர்தலில் வென்ற ஜனாதிபதி முகமது பாசூமைச் சிறைப்பிடித்து ராணுவத்தினர் ஆட்சியைக் கைப்பற்றினர். நான்கே நாளில் 'எக்கோவாஸ்' என்ற மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு தண்டனை அறிவித்தது. எல்லைகள் மூடப்பட்டன. கொடுக்கல் வாங்கல் நின்றது. நைஜரின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் நைஜீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது, அதையும் துண்டித்தார்கள்!

லாரிகள் எல்லையில் வரிசைகட்டி நின்றன. அரிசி விலை ஏறியது. எல்லை திறக்கும்வரை வெங்காயம் காத்திருக்குமா? நம் மண்டிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. துப்பாக்கி பிடித்தவர்களோ நாற்காலியை விட்டு அசையவில்லை. விலைவாசிப் பழியைக் கூட்டமைப்பின் தலையில் போட அவர்களுக்கு வசதியாகவும் போயிற்று. 2024 பிப்ரவரியில் தடைகளை விலக்கியபோதும் பாசூம் காவலில்தான் இருந்தார். அதற்கு முந்தைய மாதமே மாலி, புர்கினா ஃபாசோ நாடுகளுடன் சேர்ந்து நைஜரும் விலகுவதாக அறிவித்தது; 2025 ஜனவரி 29 முதல் விலகியேவிட்டது.

அப்படியானால் கைகட்டி உட்காரச் சொல்கிறோமா? இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 டிசம்பரில், ஹங்கேரியில் ஓர்பான் அரசுக்குத் தரவேண்டிய நிதியில் சுமார் 630 கோடி யூரோவை நிறுத்திவைத்தது. எல்லையை மூடவில்லை; கடைகளுக்குச் சரக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வேறு நிதியைப் பெறுவதற்காக 2023-ல் அந்த அரசு நீதித்துறைச் சட்டங்களைத் திருத்தவும் நேர்ந்தது. அது போதாது என்றவர்கள் உண்டு. என்றாலும் நைஜரில் அவ்வளவுகூட நடக்கவில்லையே.

எக்கோவாஸிடம் நிறுத்திவைக்க அத்தனை பெரிய நிதி ஏது என்று கேட்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் ஆட்சியைக் கவிழ்த்தவர்களின் சொந்தச் சொத்தை முடக்குவது, வெளிநாட்டுப் பயணத்தைத் தடுப்பது ஆகியவையும் அதே அறிவிப்பில் இருந்தன. அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கலாம். அரிசி, மருந்து ஏற்றிய லாரிகளையாவது முதல் நாளிலிருந்தே விட்டிருக்கலாம்.