பூட்டும் காப்பும்

பூட்டு வேறு, காப்பு வேறு. பூட்டு பிறர் கண்ணுக்கு மறைப்பது. காப்பு பொருளை அழியாது வைப்பது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர், பல்லாண்டு தொகுத்த சொல்லாய்வையும் சுவடிப்படங்களையும் மறைகுறியாக்கம் செய்த ஒற்றை வட்டில் இட்டு, மறுபடியின்றி உறங்குகின்றனர்.

2019 மே திங்களில் வெளிவந்த இயங்குதளக் கருவான லினக்சு 5.1 இம்மயக்கத்தைத் தெளிவிக்கும். எசு.எசு.டி. எனப்படும் திண்மநிலை வட்டில் வெற்றிடங்களைக் கழிக்கும் கட்டளை, இடையடுக்கில் புகுந்த பிழையால் எல்லை கடந்து, நல்ல தரவையும் துடைத்தது. மறைகுறியாக்கிய வட்டுகளும் தப்பவில்லை. பூட்டை எவரும் உடைத்திலர். உள்ளிருந்த பொருளே போயிற்று. அத்திங்களிலேயே 5.1.5 வந்து பிழையை நீக்கிற்று. துடைக்கப்பட்டது மீளுமோ?

புதுப்பித்தபின் கோப்புகள் சிதைந்து தோன்றின், வட்டில் எழுதுவதை உடனே நிறுத்துக. செப்பனிடும் கட்டளையை மூலவட்டின்மீது ஏவற்க. அஃது எஞ்சியதையும் கலைக்கக்கூடும். வட்டை முழுமையாகப் படியெடுத்து, அப்படியின்மீதே ஆய்க. லக்சு முறையில் பூட்டிய வட்டு திறவுச்சொல்லை ஏற்குமாயின், பழுதை வேறிடத்தில் தேடுக. அதன் தலைப்பகுதியே சிதைந்திருப்பின், முன்னரே எடுத்துவைத்த தலைப்பகுதிப்படி ஒன்றே துணை. அஃதின்றேல் சரியான திறவுச்சொல்லும் பயன்படாது.

ஓலை செல்லரிக்குமுன் படியெழுதிப் படியெழுதியே முன்னோர் நூல்களைக் காத்தனர்; படியெழுதப்பெறாதவை மண்ணாயின. கருவி புதிது, நெறி பழையதே. தமிழுக்கெனத் தொகுத்த செல்வத்தை, எங்கிருந்தோ வரும் புதுப்பிப்பின் அருளுக்கு விட்டுவைத்தல் தொண்டாகாது. முதலில் படியெடுக்க, பின்னர்ப் புதுப்பிக்க!