பசைக்குழாயில் இல்லாத தமிழ்

புறக்கோட்டை, பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் படகுக்குப் பூசும் கசிவுத்தடுப்புப் பசை கிடைக்கிறது. நான் எடுத்துப் பார்த்த குழாய்களில் செய்முறை பொடியெழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. 5 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் பூச வேண்டாம் என்பது அதிலுள்ள எச்சரிக்கைகளுள் ஒன்று. மன்னாரிலும் நீர்கொழும்பிலும் அந்தக் குளிர் வருவதில்லை. அங்குள்ள மீனவருக்கு வேண்டிய எச்சரிக்கை வேறு. அது அவருடைய மொழியில் இல்லை. இது சிறிய விடயமன்று. நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் ஆணித்துளை கசிந்தால் மூழ்குவது படகு மட்டுமன்று.

முதலில் குளிரைப் பார்ப்போம். நோர்வேயிலும் கனடாவிலும் படகு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அது உதவும். இன்று பெரிதும் பயன்படும் பொலியூரத்தேன் பசை, காற்றிலுள்ள ஈரப்பதனைக் கொண்டே இறுகுகிறது. குளிர்காற்றில் நீராவி குறைவு. இரசாயன மாற்றமும் மந்தமாகிறது. சாதாரண அறை வெப்பநிலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் ஆழம் இறுகும் பசை, குளிரில் அதைவிடப் பன்மடங்கு நேரம் எடுக்கும். எனவே குழாயைச் சூடான அறையில் வைத்திருந்து எடுக்க வேண்டும். பனியும் ஈரமும் முற்றாகக் காய்ந்த பின்னரே பூச வேண்டும். முதல் நாளே நட்டை முழுவதும் முறுக்கினால் பசை பிதுங்கி வெளியேறிவிடும். மெல்லிய படை எஞ்ச விட்டு, இறுகிய பின் ஆணியை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் முறுக்குவதே முறை.

நமது கரைகளில் குளிர்காலம் என்பது மழைக்காலமே. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது கிழக்கில் படகுகள் கரையேறுகின்றன. பழுதுபார்ப்பும் அப்போதுதான் நடக்கிறது. காற்றிலுள்ள ஈரம் பசையை இறுக்கும். ஆனால் பூசும் பரப்பில் நீர்ப்படலம் இருந்தால் பசை ஒட்டாது. மேலே இறுகி நல்லதுபோலத் தோன்றும். அடியில் பிடிப்பு இராது. அதுவே ஆபத்து. வெயில் வந்ததும் சுடும் பரப்பில் பூசினால் குமிழி கிளம்பும். கடையின் வெக்கையில் நெடுநாள் கிடந்த குழாய் காலாவதித் திகதிக்கு முன்பே கெடலாம்.

முன்னோர் இவ்வேலையைக் கலப்பற்று என்றனர். பலகை இடுக்கில் நாரையோ பஞ்சையோ திணித்துக் குங்கிலியக் கலவை பூசினர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்றது அத்தகைய மரவேலையின் பலத்தில்தான். மரம் நீரில் ஊறிப் பருத்துத் தானும் இடுக்கை அடைத்தது. பைபர் கிளாஸ் அவ்வாறு பருப்பதில்லை. சிறு பிழையையும் அது மன்னிக்காது.

அந்தப் புதிய பொருளும் நம்மிடம் நேற்று வந்ததன்று. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வே சென்று, அங்குள்ள நண்பர்களின் துணையோடு 1967 இல் சீநோர் நிறுவனத்தை நிறுவினார். காரைநகரில் அதன் படகுத்துறை பைபர் கிளாஸ் படகுகளைக் கட்டியது. குளிர்நாட்டுத் தொழில்நுட்பம் நமது கடலுக்கும் தொழிலாளர் கைக்கும் ஏற்ப மாறியதற்கு அதுவே சான்று. பொருளோடு பயிற்சியும் வந்தது. இன்று பொருள் மட்டும் வருகிறது.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசாங்கப் படிவத்தில் தமிழ் இல்லையென்றால் குரல் எழுப்புகிறோம், எழுப்பவும் வேண்டும். உயிர்காக்கும் பசைக்குழாயைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இறக்குமதியாளர் ஒவ்வொரு குழாயோடும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டுத்தாள் இணைக்கட்டும். அதில் நான்கு வரி போதும்: பரப்பு காய்ந்திருக்க வேண்டும், சுடும் வெயிலில் பூசலாகாது, திகதி பார்க்க வேண்டும், இறுகுமுன் நீரில் இறக்கலாகாது. அச்சுச் செலவு சொற்பமே. அதை வாங்குபவர் தலையில் சேர்த்தாலும் எந்த மீனவரும் முணுமுணுக்கமாட்டார்.