காலாளும் காலமும்

சதுரங்கம் பயிலும் நம் சிறுவர்க்கு ஓர் ஆட்டத்தை எடுத்துரைக்க விழைகிறோம். 1995-இல் ரிகா நகரில், மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்தை ருசிய வீரர் காஸ்பரோவ் 25 நகர்த்தல்களில் வென்றார். ஆனந்த் தளராது 2000-இல் உலக வாகை சூடியது பின்னை வரலாறு.

காஸ்பரோவ் கையாண்டது 'எவான்ஸ் காம்பிட்' என்னும் பழந்தொடக்கம். நான்காம் நகர்த்தலிலேயே வெள்ளைக் காலாள் ஒன்று எதிரியின் மந்திரிக்கு இரையாக வைக்கப்படுகிறது. வெட்டிய மந்திரியை மற்றொரு காலாள் விரட்டுகிறது; அது ஒதுங்குவதற்குள் வெள்ளை நடுக்கட்டங்களைக் கைக்கொள்ள விரைகிறது. கொடுத்தது காய், பெற்றது காலம். அக்காலத்தை வீணாக்கின், இழப்பு இழப்பேயாம்.

இடுக்கித் தோட்டங்களுக்கும் பாலக்காட்டு எல்லைக்கும் ஊர்விட்டு வந்த நம் பெரியோரும் ஒரு காலாளை ஈந்தவரே. அதனாற் பெற்ற காலம் பிள்ளைகளின் பள்ளிப் பருவம். அன்பர்களே, அதனை இடையில் நிறுத்தற்க!