பாத்திரம் நிறைந்தால் போதுமா?

தமிழில் ‘பாத்திரம்’ என்னும் சொல் உண்கலத்தையும் குறிக்கும். கதையில் உலவும் மாந்தரையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே நினைவுக்கு வரும் இடமொன்று நம் தீவகத்திலே உண்டு. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அத்தீவிலேதான் ஆபுத்திரன், அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையிலேந்தித் தனியனாய் நின்றான். அவன் ஏறிவிட்டான் என்றெண்ணி மரக்கலம் இரவிலே பாய் விரித்துப் போய்விட்டது. சோறுண்டு, உண்பார் இல்லை. தன்னுயிரை மட்டும் ஓம்புதற்கு அக்கலம் எதற்கென்று அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான்.

இக்காட்சியை நமக்கு இன்று நினைவூட்டுவது ஒரு விளையாட்டு. நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, அப்பாத்திரம் பேசுவதைப் பேசி, செய்வதைச் சொல்லி, ஒரு கதையைக் கூடி வளர்ப்பர். ஐயமான இடத்திலே பகடை முடிவு கூறும். அமெரிக்காவில் கைகாக்ஸ், ஆர்னெசன் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. அதில் ஒருவனது வலிமை, அறிவு முதலியவற்றுக்குப் பகடையெறிந்து எண் வகுத்தனர். பின்வந்தோர் சிலர் எண்ணை விடுத்துக் கதையையே முதன்மையாகக் கொண்டனர். 2009இல் வெளிவந்த ‘ஃபியாஸ்கோ’ என்னும் ஆட்டத்திலே, அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவருக்கிடையே என்ன உறவென்பதே முதலில் முடிவாகும். ஆள் யாரென்பது அதன் பின்னரே.

இம்முறையில் ஆழ்ந்த இலக்கியக் கொள்கை ஒன்று அடங்கியிருக்கிறது. ஒரு பாத்திரத்தைப் படைக்குமாறு இளைஞரிடம் சொன்னால், பெரும்பாலும் நிகரற்ற வீரன் ஒருவனே வருவான். அவனுக்கு உற்றார் இல்லை, அச்சம் இல்லை, எவர் துணையும் வேண்டியதில்லை. அவனை வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன கதை வளர்ப்பது?

வேறு வகையில் முயன்று பார்க்கலாம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் புறப்படும் படகிலே நால்வர் இருப்பதாகக் கொள்வோம். வெளிநாட்டிலிருந்து காணி விற்க வரும் மகன் ஒருவன், அவ்வீட்டைக் காத்துவரும் ஆச்சி, இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கும் ஆசிரியை, படகோட்டி. மகனுக்கு வேண்டியது ஆச்சியின் கையொப்பம். ஆச்சிக்கோ அவன் இரண்டு நாள் தங்கினாற் போதும். விண்ணப்பத்தை ஆசிரியை எவரிடமும் சொன்னதில்லை. தன் மகள் அவளிடம் படிப்பதாற்றான் படகோட்டி தீவை விட்டுப் போகாதிருக்கிறான். இவர்களின் உடல் வலிமை என்னவென்று நாம் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், அது யார் கையில் இருக்கிறது, எதை மறைக்கிறார் என்று மட்டுமே கேட்டோம். படகு கரை சேருமுன்பே கதை தொடங்கிவிடும்.

இது கூத்துக்கு மாற்றன்று. கூத்திலே பாட்டு முன்னமே உண்டு, அண்ணாவியார் பழக்குவார், அரிச்சந்திரன் சுடலையிலும் பொய்யுரையான் என்பதை அவையோர் அறிவர். அறிந்த முடிவை நோக்கி நடப்பதே அதன் மாண்பு. கதையாட்டத்தில் முடிவை ஒருவரும் அறியார். ஆதலின் இங்கே மனப்பாடத்தினும் செவி கொடுத்தலே வேண்டப்படுவது.

பரீட்சைச் சுமைக்கிடையே இது வீண்பொழுதன்றோ எனச் சில ஆசிரியர் வினவக்கூடும். போரும் புலப்பெயர்வும் பூட்டிய வீடுகள் பலவற்றின் நடுவே வளரும் பிள்ளைகள் நம்முடையவர். போனவனுக்கும் இருப்பவளுக்கும் தனித்தனி நியாயம் உண்டென்பதைக் கட்டுரை எழுதி அறிவதிலும், ஒரு மாலைப்பொழுது மற்றவரின் வாயால் ‘நான்’ என்று பேசி அறிவது நன்று. செலவோ தாளும் பென்சிலும் இரு பகடையுமே. நம் பாடசாலை இலக்கிய மன்றங்கள் ஒருமுறை முயன்று பார்க்கட்டும்.

பொய்கையினின்று எழுந்த அமுதசுரபியை மணிமேகலை வெறுங்கலமாகவே புகாருக்குக் கொண்டு சென்றாள். ஆதிரை முதற்பிச்சை இட்ட பின்னரே அது ஊர்ப்பசி தீர்த்தது. கதைப் பாத்திரம் படைக்கும் நம் மாணாக்கரும், பிறர் வந்து இடுவதற்குச் சிறிது இடம் விட்டே படைப்பாராக.