இதயம் அஞ்சுவது திடீர்ப் பாய்ச்சலுக்கே

இடுக்கியின் முல்லக்கானத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன், 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பாலக்காட்டு முண்டூரின் பி.யு. சித்ரா 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் ஆசியத் தடகளப் போட்டியின் 1,500 மீட்டர் தங்கத்தைப் பெற்றார். இருவரும் பல்லாண்டுக் கடும் பயிற்சியின் விளைவுகள். ஆயினும் 2021 அக்டோபரில் நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தது முதல், கடும் உடற்பயிற்சியே இதயத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் பரவியுள்ளது. அவ்வச்சத்தைப் பகுத்தறிதல் நன்று.

கடுமையாக ஓடுகையில் இதயத்தசை மிகுந்த ஆக்சிஜனைச் செலவிடுகிறது. எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்களில் பெருகுகின்றன. அவற்றைத் தணிக்கும் ஆற்றலை அவை விஞ்சும் நிலையே ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’. ‘அழுத்தம்’ என்ற சொல்லால் இதனை இரத்த அழுத்தமென மயங்குதல் கூடாது.

படிப்படியாக உயரும் பயிற்சியில் இம்மூலக்கூறுகளே உடலுக்கு அறிகுறியாகின்றன. உடல், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் முதலிய காப்பு நொதிகளைப் பெருக்கிக்கொள்கிறது. பழக்கமற்றவர் ஒரே நாளில் எல்லை மீறினால் அதற்குரிய அவகாசம் கிட்டுவதில்லை.

இக்காப்பைக் கடையில் வாங்கிவிடலாம் என்று எண்ணுவதும் பிழை. 2009இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், நான்கு வாரப் பயிற்சியின்போது வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை மிகுதியாக உண்ட இளைஞரிடம் காப்பு நொதிகளின் தூண்டல் தடைப்பட்டது. அது கால்தசையில் அளந்த முடிவு. இதயத்துக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும், ‘மிகுதியாக உண்டால் மிகுதியான காப்பு’ என்ற விளம்பரத்தை ஐயுற அதுவே போதும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 45 வயதினரின் காரணம் விளங்காத திடீர் மரணங்களை ஆராய்ந்தது. இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் செய்த கடும் உழைப்பும், குடும்பத்தில் நேர்ந்த திடீர் மரணமும், புகையும், மிதமிஞ்சிய மதுவும் அபாயத்தோடு தொடர்புற்றிருந்தன. இவற்றுக்கெல்லாம் ஆக்சிஜனேற்ற அழுத்தமே காரணம் என்று அவ்வாய்வு கூறவில்லை. மறைந்திருக்கும் இதயத்தசை நோய்களும் இளையோரைத் திடீரெனக் கொல்வதுண்டு.

ஆகவே மைதானத்தை மூடுவது தீர்வாகாது. மாணவரைப் போட்டிக்கு அனுப்புமுன் குடும்ப வரலாற்றைக் கேட்டறிதல், இசிஜி எடுத்தல், காய்ச்சலுற்றவர்க்குக் கட்டாய ஓய்வளித்தல், பயிற்சியின் அளவை வாரந்தோறும் சிறுகச் சிறுக உயர்த்துதல் ஆகியவற்றை ஒவ்வொரு பள்ளியும் விதியாக்க வேண்டும். ஊட்டச்சத்து மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் ஓர் இசிஜி எடுப்பது, ஓடும் பிள்ளைக்கு மேலான காப்பு.