பெயர் இழந்த பறவைகள்

நளித் திங்கள் பிறந்ததும், வடபுலத்துப் பனிக்கு அஞ்சிய பறவைகள் தமிழகக் கடற்கரையை நாடி வருகின்றன. சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் நெடுந்தொலைவு கடந்து வரும் அவற்றுக்குக் கோடிக்கரைச் சேற்றுநிலமே உணவுக்களம். ஓதம் வடிந்த சேற்றில் புழுத் தேடும் உள்ளான், உவர்நீரில் அலகைத் தலைகீழாய் அமிழ்த்தி நுண்ணுயிர்களை வடித்துண்ணும் பூநாரை, மீன்மேல் அம்பெனப் பாயும் ஆலா ஆகிய யாவும் இம்மண்ணின் விருந்தினர். விருந்தினர் பெயரையே அறியாத வீட்டார் உலகில் உளரோ? உளர்; அவர்தாம் இற்றைத் தமிழர்!

1967இல் கோடிக்கரை காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1980களில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் அங்குப் பறவைகளின் காலில் வளையமிட்டு வலசை வழிகளை ஆய்ந்தது. 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் தொண்டு அமைப்புகளாலும் தன்னார்வலராலும் நடத்தப்பெறுகிறது. 2002இல் 38,500 எக்டேர் பரப்பு இராம்சார்ப் பட்டியலில் ஏறியது. இப்பணிகளின் அருமையை மறுப்பது அறமன்று.

ஆயினும், அப்பட்டியலில் ஏறிய பெயர் யாது? பாயிண்ட் கலிமேர்! மறைக்காட்டை வேதாரணியமாக்கியது வடமொழி. கோடிக்கரையைக் கலிமேராக்கியது ஆங்கிலம். ஊருக்கு நேர்ந்ததே பறவைக்கும் நேர்ந்தது. தொலைநோக்கியுடன் வரும் நகரத்து இளைஞன் ஆங்கிலப் பெயரைக் கூவுகிறான். அருகில் வலை உலர்த்தும் மீனவன் அப்பறவையைத் தன் பாட்டன் அழைத்த பெயரால் அறிவான். அவனைக் கேட்பார் இலர்.

‘பறவைக்கு மொழி ஏது? அறிவியலுக்கு உலகப் பொதுப்பெயர் போதாதா?’ என்பர் சிலர். அறிவியற்பெயர் ஆய்வேட்டில் இருக்கட்டும். அதனை எவரும் அகற்றச் சொல்லவில்லை. ஆனால், ஆய்வாளன் ஆண்டில் சில நாளே கரையில் நிற்கிறான். எஞ்சிய நாளெல்லாம் அங்கிருப்போர் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் ஆடு மேய்ப்போருமே. நன்னீர் வரத்துக் குறைவதையும், உப்பளம் விரிவதையும், கள்ள வேட்டையாடுவோன் கண்ணி வைப்பதையும் முதலிற் காண்போர் அவர்களே. அவர்கள் மொழியில் நடவாத காப்பு, காவலனில்லாக் கோட்டை.

இதற்குச் சான்று வேடந்தாங்கல். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் நெல்வயலுக்கு உரமாதலை அவ்வூர் உழவர் அறிந்தனர்; 1798இலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடம் காப்புரிமை பெற்றனர். எந்த அயன்மொழி நூல் அவர்க்கு அதனைக் கற்பித்தது? சத்திமுத்தப் புலவர், குமரித்துறையினின்று வடக்கே மீளும் நாரையைப் பாடினார். வலசையை அறிந்த இனம் இன்று வலசைப் பறவையின் பெயருக்கு அயலாரிடம் கையேந்துவதா?

பேராசிரியர் க. இரத்தினம் போன்றோர் தமிழ்ப் பறவைப்பெயர்களைத் தொகுத்தளித்துள்ளனர். அவற்றைக் கணக்கெடுப்புப் படிவத்திலும், காப்பிடப் பலகையிலும், பள்ளிப் பாடத்திலும் ஏற்றுவதற்குத் தடை யாது? தொண்டு அமைப்புகள் கூட்டாளி தேடின், முதற்கூட்டாளி கரையூர் மக்களாகட்டும். அவர்தம் சொற்கள் ஏட்டில் ஏறட்டும். அவர்தம் பிள்ளைகள் கணக்கெடுப்போராகட்டும். அரசு, சேற்றுநிலத்தைக் கெடுக்கும் எந்தத் தொழிலுக்கும் இடந்தராதிருக்கட்டும்.

பெயர் மறைந்தால் பறவை மறைவதும் தெரியாது. தமிழிளைஞரே, கரைக்குச் செல்லுங்கள், முதியோரைக் கேளுங்கள், ஒவ்வொரு பெயரையும் மீட்டெடுங்கள். மொழிக்காப்பும் மண்காப்பும் இருவேறல்ல!