வேரில் இருக்கும் விஷயம்

யூரியா மூட்டைக்காகக் குடியானவர் சங்கத்து வாசலில் காத்து நிற்பதை நாம் பல பருவங்களாகப் பார்த்து வருகிறோம். மூட்டை கிடைத்ததா என்பதோடு நமது விவாதமும் முடிந்துவிடுகிறது. வயலில் இட்ட தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி பயிரைச் சேராமல் காற்றிலும் கிணற்று நீரிலும் கலந்து போகிறதே, அதைக் கேட்பாரைக் காணோம்.

மண்ணிலுள்ள நைட்ரேட்டு தானாக வேருக்குள் புகுவதில்லை. வேரின் உயிரணுக்களில் அதற்கென்று புரதத்தாலான வாயில்கள் உண்டு. அவற்றை எப்போது, எத்தனை அமைப்பது என்பதை நிர்ணயிப்பவை மரபணுக்கள். நைட்ரேட்டு கண்டதும் அவை விழித்தெழும். பயிரின் தேவை தீர்ந்ததும் அடங்கிவிடும். வயிறு நிறைந்த பயிருக்கு மேலும் உரம் கொட்டுவது வாய்க்காலுக்குக் கொட்டுவதேயாகும். இவ்வாயில்களுள் ஒன்றின் மரபணு 1993-ல் அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது.

நெல்லைப் பற்றிய செய்தி 2015-ல் சீன விஞ்ஞானிகளிடமிருந்து வந்தது. நம் நாட்டில் பெரும்பாலும் விளையும் இண்டிகா இனம் ஜப்பானிகா இனத்தைவிட அதிக நைட்ரேட்டை உறிஞ்சுகிறது. வாயிற்புரதம் ஒன்றில் உள்ள ஒரே ஓர் அமினோ அமில வேற்றுமை அதற்கு ஒரு காரணம் என்று அவர்கள் காட்டினர். இண்டிகாவின் மரபணுவை ஜப்பானிகாவில் சேர்த்தபோது அதன் விளைச்சல் உயர்ந்தது. நீர் நிற்கும் வயலில் நைட்ரேட்டு ஏது என்று விஷயமறிந்தவர் கேட்கக்கூடும். நெற்பயிர் தண்டின் வழியாக வேருக்குக் காற்றை இறக்குகிறது. அதைக் கொண்டு வேரைச் சூழ்ந்த நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கிவிடுகின்றன.

நமது நெல்லுக்கு இத்தகைய வேர் உண்டென்று நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் புது ரகங்களைப் பெரும்பாலும் முழு உரம் இட்ட வயலிலேயே வளர்த்துத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறோம். அவ்வயலில் நல்ல வேரும் சோம்பல் வேரும் ஒன்றாகவே தோன்றும்!

உரத்தைத் திடீரென நிறுத்தச் சொல்கிறோமென்று எவரும் எண்ண வேண்டாம். 2021-ல் இலங்கை சர்க்கார் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்து, விளைச்சல் வீழவே, அவ்வாண்டிலேயே பின்வாங்க நேர்ந்தது. விதை மாறாமல் உரத்தை மட்டும் பறித்தால் குடியானவனே நஷ்டமடைவான்.

பாதி உரத்தில் கண்ட விளைச்சலையும் வெளியிட்டாலன்றி எந்தப் புது நெல் ரகத்துக்கும் அங்கீகாரம் அளிக்கலாகாது என்பதே நமது கோரிக்கை. சட்டசபையில் விவசாய மானியம் விவாதத்துக்கு வரும்போது அங்கத்தினர்கள் இதை மந்திரியிடம் நேராகக் கேட்க வேண்டும்.